அறுதலிக்கு நான் சொன்ன அர்த்தம்

இன்று காலை ஈப்போ சந்தையில் மீனுக்கு நின்றிருந்தேன். பின்னால் ஒரு அம்மாள் தன் மருமகளை, "அறுதலி, பையப் புடி" என்று அதட்டினாள். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ போய் மூன்று மாதமாகிறது. உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நிரை. எழுபத்து நான்கோ ஐந்தோ, மரம் சீவிவிட்டுப் பசியாற உட்கார்ந்திருந்தோம். "எங்க மாமியா தெனம் என்னைய அறுதலின்னு கூப்புடுது. நீதான் ஆறாம் வகுப்பு முடிச்சவளாச்சே, அப்படின்னா என்னாடி?" என்று கேட்டாய்.

எனக்குத் தெரியும். தாலி அறுத்தவள். நகை கழன்றவள் மூளி, தலை மழித்தவள் முண்டை. நம்மைத் திட்டுகிற சொல் எதை உரித்தாலும் உள்ளே ஒரு புருஷன் செத்துக் கிடக்கிறான். கிழவி தன் மகனுக்கே தினமும் சாவு கேட்டுக்கொண்டிருந்தாள். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை. "ஆறுதல் தர்றவன்னு அர்த்தம்" என்றேன்.

சிரித்துவிட்டாய். "அப்ப கெழவி கொஞ்சுதா லா!" அதற்குப் பிறகு அவள் அப்படிக் கூப்பிட்டால், "இந்தா வாரேன் அத்தே" என்று ஓடினாய். புருஷனிடம் அடி வாங்கிய நாள்களிலும் ஓடினாய்.

எட்டு வருஷம் கழித்து, லாரி மோதி அவன் போனான். உன் தாலியைக் கழற்றிய அன்று கிழவி மாரில் அடித்துக்கொண்டாள்: "தாலியறுத்தவ, அறுதலின்னு நானே சொல்லிச் சொல்லி எம்புள்ளையக் கொன்னுட்டேனே!" பெண்களுக்கு நடுவிலிருந்து நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தாய். பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "அர்த்தம் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே புள்ளையத் தூக்கிக்கிட்டு தெலுக் இந்தானுக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்டி. கெழவியாவது பிரியமா இருக்கேன்னு இருந்துட்டேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றும் என்னோடுதான் பசியாறினாய்.

நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உன் சாவுக்கு வந்தபோது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா தோட்டத்துல சந்தோசமாதான இருந்துச்சு, சின்னம்மா?"

இந்த முறை பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.