சம்மதம் எனக் கொள்ளப்பட்டது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அத்தானுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. படுத்துக்கொண்டே நர்ஸுகளைக் கிண்டல் செய்கிறார். வாய்க்கு மட்டும் எந்த நோயும் வரவில்லை.

போனில் பேசினால் அவருக்குக் கேட்டுவிடும். அதனால் பக்கத்து வீட்டு டீச்சர் உங்கள் ஊருக்கு ரயிலேறும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் மாகாண அலுவலகத்துக்குத் தலைநகரிலிருந்து மறுஆய்வுக் குழு வந்திருக்கிறது. மாகாணத்துக்குக் கொடுத்த அதிகாரங்களை நாங்கள் எப்படிப் பயன்படுத்தினோம் என்று பார்க்கிறார்களாம். ஐந்து பேர். மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. என் மேசையையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அலுவலக வழக்கம் உனக்குத் தெரியாது. எதற்கு அனுமதி கேட்டு எழுதினாலும் தலைநகரிலிருந்து பதில் வராது. முப்பது நாள் பார்ப்போம். பிறகு ஃபைலில், "பதில் வரவில்லை, சம்மதம் எனக் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி எழுதி வேலையைத் தொடங்கிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்த கிளார்க்கும் அப்படித்தான் எழுதினார். பதினாறு வருடமாக நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய், அத்தான் படுக்கிற டயாலிசிஸ் வார்டு எல்லாம் அந்த வரியால் வந்தவை.

புதன்கிழமை, குழுவிலிருக்கும் அம்மாள் வார்டு ஃபைலை என் முன்னால் விரித்து, "கொள்ளப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. யார் கொண்டது?" என்று கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த வரியில் ஆளே இல்லை என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் எங்கள் அலுவலகத் தலைவர் கூப்பிட்டார். மாகாணம் முடிவெடுத்தது என்று சொன்னால் அதிகார மீறலாம். வார்டுக்குச் சீல் வைத்து, அதிகாரத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். கிளார்க் தானாக எழுதியது என்றால் மாகாணத்தின் மேல் தப்பில்லை, வார்டு தப்பிக்கும், கிளார்க் மேல் மட்டும் வழக்கு. "நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லிக்கிறேம்மா. உங்களை வற்புறுத்தலை, யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். நல்ல மனுஷன்!

பயமாக இருக்கிறது தம்பி. வழக்கு என்றால் உள்ளே வைப்பார்களா, எத்தனை நாள் வைப்பார்கள் என்று கேட்கக்கூட ஆளில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலோரம் போய் எட்டிப் பார்க்கிறேன். அத்தானிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால், "எனக்காக நீ ஜெயிலுக்குப் போக வேண்டாம்" என்று சிகிச்சையையே நிறுத்திவிடுவார். இந்த வார்டை விட்டால் அடுத்தது உங்கள் ஊரில்தான், பதினோரு மணி நேரப் பயணம். அவர் உடம்பு தாங்காது.

திங்கட்கிழமை என் வாக்குமூலம். நான்தான் எழுதினேன், யாரும் சொல்லவில்லை என்று சொல்லப்போகிறேன்.

நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. லீவு கிடைத்தது, சும்மா பார்க்க வந்தேன் என்று அத்தானிடம் சொல். செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும். வீட்டு ஆள் கையெழுத்துப் போட்டால்தான் ஊசி குத்துவார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கும், மைத்துனன் என்று எழுது. மனைவி எங்கே என்று நர்ஸ் கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று அத்தான் காதில் விழும்படி சொல்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா