பஸ்ஸில் பின்பக்கம், கோயிலில் இடப்பக்கம்

சேசு மரி சூசை

மலை மிஷன் ஆசுபத்திரி,
தங்கனீக்கா.
1957 பிப்ரவரி

அன்புத் தம்பி சவரிமுத்துவுக்கு, கடல் தாண்டியும் உன் காதைத் திருகக் கை நீளுகிற அக்காள் ஆரோக்கியம்மாள் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். உன் சுகம், உன் வீட்டுக்காரி சுகம், என் மகள் அடைக்கலமேரி சுகம், உன் மீசையின் சுகம் எல்லாம் அறிய ஆவல்.

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. போதாததற்குப் பஸ்ஸின் ஆட்டம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. ஆமாம், என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பாஸ்குத் திருநாளுக்கு என்னை ஊருக்கு அனுப்புவதாகச் சொன்ன மடத்து மதர், மலைமேல் புது ஆசுபத்திரி திறக்கிறோம், சமைக்க ஆளில்லை, இன்னும் ஒரு வருஷம் பொறு என்று சொல்லிவிட்டார். அதனால் பெற்ற மகள் கல்யாணத்துக்கு நான் வர முடியாது. அதற்கு அழ வேண்டியதை நான் அழுது முடித்தாயிற்று. நீ புதிதாகத் தொடங்க வேண்டாம்.

இனி பஸ்ஸைப் பற்றி. மூன்று நாள் பயணம். புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போய் இறங்குவதற்குள் இடுப்புப் போச்சு என்று புலம்புவாயே, உன்னை இதில் ஏற்றிவிட வேண்டும். கூரைமேல் கோழிக்கூடை, வாழைத்தார், கயிற்றுக் கட்டில், யாருடைய தையல் மெஷினோ ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் மருந்துப் பெட்டிகளும் என் அண்டா குண்டான்களும். முதல் நாள் அடித்த செம்மண் புழுதியில் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே நிறமாகிவிட்டோம். அப்படித்தான் நான் நினைத்தேன். பஸ்காரன் அப்படி நினைக்கவில்லை.

அந்தப் பஸ் மூன்று பாகம். முன்னால் மெத்தை இருக்கை, வெள்ளைக்காரருக்கு. அங்கே எங்கள் சிஸ்டர் பெனடிக்டா. நடுவில் துணி போட்ட பலகை, இந்தியாக்காரருக்கு. அங்கே நான். பின்னால் வெறும் பெஞ்சு, கண்ணாடி இல்லாத ஜன்னல், அந்த மண்ணில் பிறந்த சனத்துக்கு. அங்கே மார்த்தா. பழைய ஆசுபத்திரியில் இத்தனை வருஷமாக என்னோடு ஒரே அடுப்பை ஊதினவள் அவள். அவள் பேசும் சுவாகிலிதான் என் வாயில். என் ரசம்தான் அவள் வயிற்றில். அவளையும் என்னோடுதான் மாற்றினார்கள்.

இரண்டாம் நாள் மழை. ஓடை ஒன்றில் பஸ் புதைந்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போது யார் எந்தப் பாகம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். சிஸ்டருக்குத் தண்ணீரென்றால் பயம். மார்த்தா குனிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் அக்கரை கொண்டுபோய் இறக்கிவிட்டாள். பஸ் கரையேறியதும் சிஸ்டர் மெத்தைக்குப் போனார். மார்த்தா சொட்டச் சொட்டப் பின்னால் போய்ச் சாரலில் உட்கார்ந்தாள்.

என் பக்கத்தில் இடம் காலி. வாடி என்று கூப்பிட்டேன். கண்டக்டர் கூடாது என்றார். அவர் நம் நாட்டுக்காரர், வடக்கே எங்கேயோ பிறந்தவர். சரி, அவள் வரக்கூடாது, நான் போகலாமில்லையா? மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போய்விட்டேன். அவர் பின்னாலேயே வந்தார். அம்மா, நீங்கள் இந்தியாக்காரி, இங்கே உட்கார்ந்தால் நம் எல்லோருக்கும் கேவலம் என்றார்.

தம்பி, எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். நான் சுவாகிலியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்: "ஐயா, எங்க ஊர்ல ஒங்களாட்டம் ஆளுக வாசல்ல நான் நிக்கக்கூட முடியாது. கப்பல்ல ஏறி எறங்குனதும் என்னய மேல்சாதி ஆக்கிப்புட்டீகளே, கப்பக்காரனுக்குத் தெரிஞ்சா கூலி கூடக் கேப்பான்."

அவர் முகம் சுண்டிப்போய்ச் சிஸ்டரை அழைத்து வந்தார். சிஸ்டர் நல்லவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. மெதுவாக என் தோளைத் தொட்டு, ஆரோக்கியம், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழக்கம், நாம் என்ன செய்ய முடியும், இதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடு என்றார். அவர் அங்கியின் ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது. அவரைச் சுமந்தவள் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

வழக்கம்! அந்தச் சொல்லை நான் பயணம் புறப்பட்ட காலையில்தான் படித்திருந்தேன். எங்கே? உன் கடிதத்தில். அதை இடுப்பில் செருகிக்கொண்டுதானே பஸ் ஏறினேன். மாப்பிள்ளை பொன்னமராவதிப் பக்கம், நல்ல பையன், பாஸ்கு கழித்துக் கல்யாணம் என்று எழுதிய கையோடு இன்னொன்றும் எழுதியிருந்தாய். நம் கீழத்தெருச் சனம் கோயிலில் இடது சிறகுக் கூடத்தில்தான் உட்காருவது, இடது வாசலில்தான் நுழைவது, ஆகையால் தாலி கட்டுவதும் அந்தச் சிறகின் சின்னப் பீடத்தில்தான், நடுக்கோயில் மேலத்தெருவுக்கு, அதுதான் வழக்கம் என்று உபதேசியார் சொன்னார், நானும் சரிங்க என்றேன் என்று. மீசைக்கு எண்ணெய் தடவத் தெரிந்த ஆளுக்கு வாயில் அந்த ஒரு சொல்தான் வந்ததா?

கண்டக்டர் கடைசியில் பஸ்ஸை நிறுத்தி, அப்படியானால் இறங்கு என்றார். சந்தோஷமாக இறங்குகிறேன், ஆனால் மிஷன் பெட்டிகளும் என் பாத்திரமும் என் பொறுப்பு, அவற்றையும் இறக்கிக் கொடுங்கள் என்றேன். அவர் கூரையைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். கோழிகளும் அவரைப் பார்த்தன. மூன்று பாகத்து ஆட்களும் சேர்ந்து உச்சுக்கொட்டினார்கள். விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார். நான் மலை வந்து சேரும்வரை பின் பெஞ்சில்தான் வந்தேன்.

நனையாமல் இருக்கிறதா என்று உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். என்ன விசேஷம் என்று மார்த்தா கேட்டாள். மகளுக்குக் கல்யாணம் என்றேன். சந்தோஷப்பட்டு, "ஒங்க கோயில்ல கல்யாணப் பொண்ணு எங்கிட்டுருந்து வருவா?" என்று கேட்டாள். கண்டக்டரிடம் அவ்வளவு பேசிய வாய், அவளிடம் எதைச் சொல்லும்? "நடுவுல. பெரிய வாசல் வழியா, நடுவுலதான் வருவா. மாமங்காரன் கையப் பிடிச்சுக் கூட்டியாருவான்" என்று சொல்லிவிட்டேன். அவள் அதை அந்தப் பெஞ்சு முழுக்கச் சொல்லிவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு கிழவி கை தட்டினாள்.

இங்கே வந்ததும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மார்த்தாவிடம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. பாஸ்கு இன்னும் வரவில்லையே; அதுவரை இது பொய்யாகாது. பொய்யாக்குவதும் மெய்யாக்குவதும் உன் கையில் இருக்கிறது.

நாளைக்கு மேலத்தெருக்காரர் வயலில்தானே வேலை செய்ய வேண்டும் என்று நீ நினைப்பாய். தெரியாமல் எழுதவில்லை. பஸ்ஸில் என்னை இறக்கிவிட்டிருந்தால் அந்தக் காட்டு வழியில் என்ன செய்திருப்பேன் என்று எனக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு நேரே நம் பங்குச் சாமியாரிடம் போ. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க மாட்டோம் என்பார்கள். வாசிக்க வேண்டாம். பிள்ளை காத்திருக்கட்டும், அடுத்த வருஷம் நான் வருகிறேன். நடுவில் நடக்கவிட்டால் ஊர் கெட்டுப்போகும் என்பார்கள். நான் கண்டக்டரிடம் சொன்னதுபோல, கூரையில் எத்தனை கோழிக்கூடை இருந்தாலும் இறக்கச் சொல். இறக்குகிற சிரமம் அவர்களுக்குத்தான்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், நினைவில் வைத்துக்கொள். உன் வீட்டுக்காரி இருமலுக்கு வெந்நீர் குடிக்கட்டும்.

அடைக்கலமேரிக்கு என் முத்தம். கல்யாணப் பெண் தலை குனிந்து நடப்பதுதான் அழகு என்று யாராவது சொல்வார்கள். கேட்க வேண்டாம் என்று சொல். நிமிர்ந்து நடக்கட்டும். நடுவில் நின்று பார்த்தால் பெரிய பீடத்து மாதா எப்படித் தெரிகிறாள் என்று எனக்கு எழுதட்டும். நான் அவளைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாய் உங்கள் எல்லோரையும் நேர்முகமாகப் பார்த்துக் காக்கட்டும்.

உன் அக்காள்,
ஆரோக்கியம்மாள்