டிவி அப்பா சொன்னதெல்லாம்

அண்ணே,

சற்று முன்பு பக்கத்து வீட்டில் ஒரு கூட்டமே சிரித்தது. நான் சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டில் இருப்பது சீனக் கிழவர் ஒருவரும் அவருடைய பூனையும்தான்; இருவரும் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகுதான் புரிந்தது, சிரித்தது டிவி. ஆங்கில நகைச்சுவை நாடகங்களில் யாரோ எங்கேயோ சிரித்ததைப் பிடித்துவைத்து நடுநடுவே ஒட்டுவார்களே, அந்தச் சிரிப்பு. அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகவும் இல்லை, எரிச்சலாகவும் இல்லை. உன் கருமாதி முடிந்ததிலிருந்து எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

நீ போனதற்கு நான் இன்னும் அழவில்லை. ஜுருவில் நீ வேலை பார்த்த பட்டறையிலிருந்து போன் வந்தபோது "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன். வந்தவர்களுக்குக் காப்பி கலக்கினேன். யாருக்குச் சீனி வேண்டாம் என்று ஞாபகமாகக் கேட்டேன். திடமான பெண் என்று மாமா பாராட்டிவிட்டுப் போனார். கல்லும் திடமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஞாயிறு சாயங்காலங்களில் நாம் பார்த்த நாடகம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும்போதும் சட்டை மடிப்பு கலையாத மனிதர். அவருக்கு நீ பிள்ளையாக வாய்த்தாய். முப்பதைத் தாண்டியும் அரைக்கால் சிலுவாரைப் போட்டுக்கொண்டு கடற்கரைத் திடலில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வேலையில் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று வந்துவிட்டாய். இன்னொன்றில் மேலாளரின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது என்று வந்துவிட்டாய். "தோளுக்கு மேல வளந்துட்டான், இன்னும் தொட்டில விட்டு எறங்கல" என்பார் அப்பா. அதையும் நீ ஒரு பாராட்டைப்போலக் கேட்டுக்கொள்வாய்.

உனக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். பட்டர்வொர்த்தில் பெண் வீடு. தட்டுவரிசை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று, மாப்பிள்ளையைக் காணவில்லை. பாலிக் புலாவ் தோட்டங்களில் டுரியான் பழம் விழத் தொடங்கிவிட்டது என்று யாரோ சொல்ல, விடிந்ததும் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டிருந்தாய். நாங்கள் பெண் வீட்டுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினோம். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அவர்கள் திருப்பிச் சொல்லி அனுப்பினார்கள். எல்லாம் முடிந்த பிறகு, கைக்கு ஒரு பழமாகத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாய்.

"பரிசத் தட்டுல இத வெச்சா எப்படி இருக்கும்னு நெனச்சேன்ப்பா. லேட்டாயிருச்சா?"

அன்றோடு அப்பா உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், நீ எதிரில் நிற்கும்போதே, "எனக்கு ஒரே ஒரு பொண்ணுதான்" என்பார். நீ என்னென்னவோ செய்து பார்த்தாய். அவர் சப்பாத்தைத் துடைத்து வைத்தாய். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவரைப் போலவே இருமிக் காட்டினாய். அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். ஒரு நாள் காலை குளியலறையில் விழுந்தார், அதோடு சரி. உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

வாய்க்கரிசி போடும்போது நீ குனிந்து, சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "இப்பவாச்சும் எனக்காக வாயத் தொறந்தீங்களேப்பா" என்றாய். பின்னால் நின்ற யாரோ சிரித்தே விட்டார்கள். மாமா உன்னை அறைந்தார்.

"பெத்தவரு பொணத்துக்கிட்ட என்னடா வெளையாட்டு? எப்பதான்டா நீ பெரிய மனுசனாவ?"

நீ கன்னத்தைத் தடவிக்கொண்டே அரிசியைப் போட்டாய். நம் டத்தோ கிராமாட் வட்டாரம் முழுக்க அந்தப் பேச்சு கொஞ்ச காலம் ஓடியது.

அதற்குப் பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். சோற்றைப் பிசைவார், பாதியில் எழுந்து போய்விடுவார். டிவிக்கு எதிரில் உட்கார்ந்து என்ன ஓடுகிறதோ அதைப் பார்ப்பார். அப்படித்தான் அந்த ஆங்கில நாடகம் வீட்டுக்குள் வந்தது.

அதில் நாற்பது வயது வெள்ளைக்காரன் ஒருவன், கல்யாணமில்லாமல், தாய்தகப்பன் வீட்டு மாடியறையில் கிடப்பான். தலையில் காதுமடல் வைத்த குல்லா, கட்டிலுக்கடியில் பொம்மை ரயில். வாரம் ஒரு விபரீதம் நடக்கும். ஒரு வாரம் சலவை இயந்திரம் அவனை விழுங்கி, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி வெளியே துப்பியது. இன்னொரு வாரம் வாசலில் சும்மா நின்றே விளக்குக் கம்பமாகிவிட்டான். அடுத்த வாரம் பழையபடி வந்து ரொட்டி தின்பான். எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவன் தகப்பன் மட்டும் நாற்காலியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்து அவனைக் கரித்துக் கொட்டுவார், கூட்டம் சிரிக்கும். முதல் தடவை பார்த்தபோது நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பாசாரில் மீன்காரரோடு மலாயில் மல்லுக்கட்ட அம்மாவுக்குத் தெரியும். திரைக்குக் கீழே ஓடும் மலாய் எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஆங்கிலம் சுத்தமாக வராது. அவன் விளக்குக் கம்பமான அன்றுதான் வெகுநாளைக்குப் பிறகு அம்மா வாய் திறந்து ஒன்று கேட்டார்.

"புள்ள கம்பமா நிக்கிதே, அந்த அப்பங்காரரு என்னடா சொல்றாரு?"

அந்தத் தகப்பன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நாயை அவன் காலில் கட்டுங்கள், இதற்காவது பயன்படட்டும் என்றார். நீ சொன்னாய்: "மழ வர்ற மாதிரி இருக்கு, எவ்ளோ நேரம் நிப்ப, உள்ள வா ராசாங்குறாரும்மா."

"ஊம்" என்றார் அம்மா. கொஞ்சம் யோசித்து, "அதுக்கு எதுக்குடா எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்றார்.

"வெள்ளக்காரங்க அப்படித்தான்லா. பாசம் வந்தா கூட்டமா சிரிப்பாங்க."

எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. ஆனால் அந்த இரவு அம்மா தட்டில் சோறு மிச்சம் வைக்கவில்லை. அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு வாராவாரம் அதே கூத்துதான். டிவியில் அந்த அப்பா வைவார், உன் வாயில் அது "சாப்பிட்டியா ராசா" என்று வரும். உதவாக்கரை என்பார், நீ "ஒனக்குன்னு ஒரு காலம் வரும் ராசா" என்பாய். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஊம் கொட்டுவார். அம்மாவைத் தேற்றத்தான் இந்தப் பாடு படுகிறாய் என்று நினைத்தேன். பொறுப்பில்லாதவன் என்று ஊரே சொல்லும் ஆளுக்கு இவ்வளவு பொறுப்பா என்று எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிறு நீ வீட்டில் இல்லை. மாமா விடாப்பிடியாக உன்னை ஜுருவுக்கு இழுத்துப் போய்க் கார்ப் பட்டறையில் சேர்த்துவிட்டிருந்தார், அன்று உனக்கு வேலை. ஐந்தாம் பாரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி வாங்கி, வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்கிறவள் நான் பக்கத்தில் இருந்தேன். அந்த அப்பா என்ன சொல்கிறார் என்று அம்மா என்னிடம் கேட்டார். நானும் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"நீ செத்துட்டா ஒன் ரூம வாடகைக்கு விடலாம்னு சொல்றாரும்மா."

அம்மா எழுந்து டிவியை அணைத்தார். "ஒனக்கு இங்கிலீஷ் பத்தாது. அண்ணன் வரட்டும்" என்றார்.

நீ வந்ததும் உன்னிடம் சண்டை போட்டேன். நீ கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய். "நீ வார்த்தையத்தான் கேக்குற தங்கச்சி. அந்தாளு மனசுல நெனக்கிறத யாரு சொல்றது?" என்றாய். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன்.

அந்த நாடகம் ரொம்ப நாள் ஓடவில்லை. கடைசி வாரம் அவன் பட்டத்துக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கூரையில் ஏறினான். காற்று அடித்தது. அப்படியே மேலே போனான், வீடு சின்னதாகி, தெரு சின்னதாகி, மேகத்துக்குள் மறைந்தும் போனான். தகப்பன் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பினார். கூட்டம் சிரித்தது. அவ்வளவுதான், பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

"என்னடா சொல்றாரு?" என்றார் அம்மா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பெயரெல்லாம் ஓடி முடிந்தன. விளம்பரம் வந்த பிறகு நீ சொன்னாய்.

"போயிட்டு வா ராசா, எனக்கு ஒம்மேல கோவம் ஒண்ணுமில்லங்குறாரும்மா."

"ஊம்" என்றார் அம்மா. "பின்ன, சொல்லாம இருப்பாரா?"

நீ எழுந்து பின்பக்கம் போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாய். மறுநாள் காலை எனக்கு முன்பே எழுந்து ஜுருவுக்குக் கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நீ எந்த வேலையையும் விடவில்லை. இத்தனை வருஷமும் அந்தப் பட்டறையிலேயே இருந்தாய், அங்கேயே ஒரு காரின் மேல் சாய்ந்தபடி போயும்விட்டாய். அப்பாவுக்கு வந்த அதே மாரடைப்புதான் உனக்கும் வந்தது என்று டாக்டர் சொன்னார். அதற்கும் நான் தலையாட்டினேன்.

சிரிப்புச் சத்தம் அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "அவன் ஒரு நாடகம் பாப்பானே" என்றார். இத்தனை நாள் சுமந்ததை இனி யாருக்காக மறைப்பது என்று தோன்றியது.

"அம்மா, அண்ணன் சொன்னதெல்லாம் சும்மாம்மா. அந்த டிவி அப்பா அப்படியெல்லாம் பேசவே இல்ல. ஒங்களுக்காக அண்ணன் கட்டிவிட்டது."

அம்மா ஒரு கீரைத்தண்டை எடுத்துக் கிள்ளினார்.

"அது தெரியாதா எனக்கு? மூஞ்சியப் பாத்தா தெரியாதா, அந்தாளு வையிறாருன்னு?"

"அப்புறம் ஏம்மா வாராவாரம் கேட்டீங்க?"

"எனக்கா கேட்டேன்? அவனுக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்துச்சு. ஒங்கப்பா சொல்லாமப் போயிட்டாரு. இவனே சொன்னான், இவனே கேட்டுக்கிட்டான். நான் ஊம் போடலன்னா அது அவரு சொன்னதா ஆவுமா?"

பிறகு அம்மா கீரையை அலசச் சொன்னார். அலசினேன். அழுகை அப்போதும் வரவில்லை, அண்ணே. தண்ணீர் கையில் பட்டது மட்டும் தெரிந்தது.

அப்பா ஒருநாளும் யாரையும் ராசா என்று கூப்பிட்டதில்லை. இந்த வீட்டில் வேறு யாரும் கூப்பிட்டதில்லை. உன் குரலில் அதைக் கேட்டவர்கள் இனி நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்கும் வயதாகிவிட்டது.

உன் தங்கச்சி