நம் கரையில் ‘ஃபே’ என்றால்

யெல் தீவு, ஷெட்லாண்ட்
12 பிப்ரவரி 1934

அன்பு மகள் ஓஸ்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் நலம், லண்டன் புகையில் உன் மார்ச்சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். நீ வேலை பார்க்கும் அகராதிக்காரர்கள் ‘ஃபே’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதாகவும், அங்கே கனவில் மிதக்கிற பெண்ணை அப்படிச் சொல்வதாகவும் அம்மாவுக்கு எழுதியிருந்தாய். பாதிரியாரிடம் விசாரித்தேன், நார்வேக்காரர்களின் பழைய பேச்சில் அது சாவு குறித்துவிட்ட ஆளைச் சொல்வது, ஆங்கிலேயரின் பழைய பேச்சிலும் அதே பொருள்தான் என்றார். அது புத்தகம் சொல்வது. நம் கரையில், சாகப்போகிறவனுக்குக் குணம் மாறிவிடும், கஞ்சன் அள்ளிக் கொடுப்பான், முசுடு சிரிப்பான், பார்த்தவர்கள் அவன் ஃபே ஆகிவிட்டான் என்பார்கள். உனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து நம் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஏனென்று இப்போது சொல்கிறேன்.

உன் கிப்பிச் சித்தப்பா கடலில் போனபோது உனக்கு நான்கு வயது. ஒரு சிட்டிகைப் புகையிலை கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன், அன்று காலை டப்பாவோடு என் கையில் வைத்து, வச்சுக்கண்ணே, எனக்கு எதுக்கு என்று சிரித்தான். அடுப்பில் எரிக்கக் காய்ந்த கரிமண்கட்டி சுமந்துவந்த உன் அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, இவரு ஃபே ஆயிட்டாருங்க, படகைத் தள்ளாதீங்க என்று கத்தினாள். பொம்பளைப் பேச்சைக் கேட்டா மீன் வந்துருமா என்று அவளை அடக்கிவிட்டு, நானே தோள் கொடுத்துத் தள்ளிவிட்டேன். அன்று மற்ற படகெல்லாம் திரும்பின, அவனுடையது வரவில்லை. டப்பாவை உத்தரத்தில் செருகி வைத்தேன், அதற்குக் கீழே நடக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு கேட்கும். அவனைக் கொன்றவன் நான்தான் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம், வேலித் தகராறில் பதினைந்து வருஷம் பேசாமலிருந்த பக்கத்து வீட்டு டாமிக்கு என் வெள்ளை ஆட்டைக் கொடுத்தேன், ஏனோ கொடுக்கத் தோன்றியது. அவன் வாங்கவே பயந்து, என்னய்யா, உடம்பு கிடம்பு சரியில்லையா என்றான். நேற்று கிப்பியின் டப்பாவைத் திறந்து புகைத்தேன், தூளாகிப் போயிருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. அம்மா தையலை நிறுத்திவிட்டு, என்னைத் திட்டுங்களேன், வழக்கம்போல ஏதாவது குத்தம் சொல்லுங்களேன் என்று கெஞ்சினாள். சூப்பில் உப்பு கரிக்கிறது என்று கத்திப் பார்த்தேன், குரலில் கோபம் ஏறவில்லை, அவள் அழுதுவிட்டாள். இந்தக் காகிதத்தை எடுத்ததும், பொண்ணு சொல்லாமப் போயி எட்டு வருஷமா ஒத்தை வரி எழுதாத மனுஷன் இப்ப எதுக்கு எழுதணும் என்று பேனாவைப் பிடுங்க வந்தாள். எனக்குப் பயமே இல்லை ஓஸ்லா, அதைப் பார்த்துத்தான் அவள் பயப்படுகிறாள்.

ஆண்டவர் உன் வாசலைக் காக்கட்டும். அம்மா பின்னிய கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். காற்று அடங்கின நாளாகப் பார்த்து ஊருக்குக் கப்பல் ஏறு, ஆனால் கோடை வரட்டும் என்று தள்ளிப்போடாதே.

உன்மேல் கோபம் எதுவும் மிச்சமில்லாத அப்பா,
லௌரி ஹால்க்ரோ