சியாங்மாயில் உருண்ட தேங்காய்

12 மார்ச், செவ்வாய். சியாங்மாய் விடுதி.

பையைச் சுமந்து தாய்லாந்தைச் சுற்றும் எனக்கும் நண்பன் சுதனுக்கும் இன்று தெருமுனையில் பிள்ளையார் கிடைத்தார். எங்கள் ஊர் களுதாவளையிலிருந்து புறப்படும்போதே அம்மா சொல்லியிருந்தார்: "எங்க பிள்ளையாரக் கண்டாலும் ஒரு தேங்காய் அடி மகன். சிதறாட்டி பயணத்த விட்டுட்டு வந்திடு."

அங்கிருந்த பூக்காரியிடம் ஒன்று வாங்கி ஓங்கித் தரையில் அடித்தேன். அது சீவிய இளநீர் என்பதை நான் கவனிக்கவில்லை. பந்துபோலத் துள்ளி, கும்பிட்டு நின்ற பெண்களைத் தாண்டித் தெருவுக்கு உருண்டது. எல்லாரும் விலகி நின்று என்னைப் பார்த்தார்கள். சாமியோடு எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்திருப்பார்கள். பூக்காரி வேறொரு இளநீரில் குழாய் செருகி, பிள்ளையார் முன் பக்குவமாக வைத்துக் காட்டினார்.

"இவருக்கு அடிக்கிறதில்ல போல மச்சான், குடிக்கக் குடுக்கிறாங்க" என்றான் சுதன்.

அதற்குள் ஒரு முச்சக்கரவண்டி வந்து, தெருவில் கிடந்த என் இளநீரை அடித்துச் சிதறவைத்துவிட்டுப் போனது.

சற்றுமுன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "தேங்காய் சிதறினதா மகன்?"

"ஓம் அம்மா. ஒரே அடியில."

பொய் சொல்லவில்லை. யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. ஆனால் பிள்ளையாருக்குத் தெரியும். நாளைக்கோ எங்களுக்கு மலைப்பாதையில் பஸ் பயணம்.