ஷூவுக்குள் ஓர் ஆரஞ்சு

வேம்புலியம்மன் துணை

முகப்பேர்,
டிசம்பர் 21

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம், மில்வாக்கிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நிஷாவும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறோம். மழை விட்டு இரண்டு நாளாக மாடியில் துணி காய்கிறது. கீழ்வீட்டு விஷால் சனிக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ போனில் அழுததிலிருந்து எனக்கு அதே நினைவு. வாசலில் விட்டிருந்த நிஷாவின் ஷூவுக்குள் ஆரஞ்சும் மிட்டாயும் கிடந்ததும், செருப்பை வாசலில் விடும் நம் வழக்கத்தை யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து எதிர்வீட்டு கேரல் அம்மாவின் கண்ணெதிரிலேயே குப்பையில் கொட்டிவிட்டாய். உன் அம்மாகூட, "செருப்புல துன்றதப் போட்டா எவதான் சும்மா இருப்பா, நானா இருந்தா அவ ஊட்டாண்டயே போயி நாலு கேள்வி கேட்டிருப்பேன்" என்றாள். டிசம்பர் ஆறாம் தேதி நிக்கோலஸ் பண்டிகைக்குக் குழந்தைகளின் ஷூவில் தின்பண்டம் வைப்பது ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்களின் வழக்கம் என்று நிஷாவின் டீச்சர் சொன்ன பிறகுதான் உனக்குத் தெரிந்தது. இரண்டு வாரமாக உன்னைக் கண்டாலே கேரல் அம்மா கதவைச் சாத்திக்கொள்கிறார், எந்த முகத்தோடு போவது என்கிறாய். முதல் உலகப் போரின்போது ஊர் சந்தேகப்படும் என்று பயந்து அவருடைய தாத்தா வீட்டுக்குள்ளேயே ஜெர்மன் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று போன வருஷம் உன்னிடம் சொன்னாராமே. கேரல் அம்மாவுக்கு ஜெர்மனில் ஒரு வாக்கியம்கூட வராது. அந்தப் பாட்டன் வீட்டிலிருந்து அவர் கையில் மிச்சமிருந்ததைத்தான் நிஷாவுக்கு வைத்தார்.

எனக்கு உன் தாத்தா, என் நைனா நினைவு வந்துவிட்டது. அவர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார். ஆவடி பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை "இன்னாடா ஏமண்டி" என்று கூப்பிடுவார்கள். பத்து வயதில் நான்தான், "நைனா, இனிமே தமிழ்லயே பேசு" என்று அழுதேன். "செரிடா" என்றார், அதோடு வீட்டில் தெலுங்கு நின்றது, எனக்கும் மறந்துபோனது. கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ கேட்டார். புரியாமல் தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மறுபடி அதையே கேட்டார். என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ள இனி எனக்கு வழியில்லை. உனக்கு இருக்கிறது, கேரல் அம்மா எதிர்வீட்டில்தான் இருக்கிறார். நிஷாவையும் கூட்டிக்கொண்டு போ. தின்பதைச் செருப்பில் போட்டால் நம் பக்கம் என்ன அர்த்தம் என்பதை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேள். முதல் தட்டலுக்குத் திறக்கமாட்டார், திறக்கும்வரை நில்.

அம்மா அச்சு முறுக்கு இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறாள், ஒன்றைப் பிரிக்காமல் அவருக்குக் கொடு. காதை மூடாமல் வெளியே போகாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கங்காதரன்