பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்

என்னங்க, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். பழைய கம்ப்யூட்டரை வாங்க ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். என் நாடகங்கள் பிழைத்துவிட்டன!

மருமகளுக்குப் போன் போட்டேன்.

"புதுக் கம்ப்யூட்டர்ல என் நாடகத்து ஆளுங்க ஒருத்தரும் பேசமாட்டேங்கிறாங்கம்மா. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா நிக்குது."

"ஃபைல் ஒண்ணும் கெடலை அத்தை. நீங்க டைப் அடிச்ச எழுத்துரு, அதான் ஃபான்ட், பழைய கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அதை எடுத்துப் புதுசுல போட்டா சரியாயிடும்."

"அப்போ மாமா காப்பி பண்ணினதுல தப்பில்லையா?"

"ஐயோ, அவரைத் திட்டினீங்களா?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

எழுத்துருவை எடுத்துப் போட பென் டிரைவ் வேண்டுமாம். அதை வாங்கத்தான் கடைக்கு ஓடுகிறேன். சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். கோபத்தோடாவது சாப்பிடுங்கள்.

பி.கு.: பழையதில் ஒரு நாடகத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் விட்ட இடத்திலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

இன்னொன்று: சாயங்காலம் இரண்டு பேரும் வாய்விட்டுப் படிப்போம். இந்த முறை பெண்டாட்டி வசனம் உங்களுக்கு. வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் வசனத்தை நான் படிக்கிறேன்.